நான் வரைந்ததால் எந்தப் பூனையும் சாகவில்லை

அய்யா துணை

மணவாளக்குறிச்சி
9-11-2025, ஞாயிறு

அன்பு மகள் பிந்துவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தி நிவிதாவும் அந்த அயர்லாந்துக் குளிரில் இருமல் சளி ஒன்றும் அண்டாமல் நன்றாக இருக்க அய்யாவை வேண்டிக்கொண்டு உன் அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். நான் ரொம்பவே சுகம். இரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு எண்பது, வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று நான்கு, வலது கண்ணில் புரை இல்லை, இடது கண்ணிலும் புரை இல்லை, கண் டாக்டர் எழுதித் தந்த சீட்டை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன், நீ நர்ஸ் ஆச்சே, நன்றாகப் படித்துப் பார். பெற்ற மகளுக்கு எழுதுகிற கடிதத்தில் கண் டாக்டர் சீட்டைச் சாட்சிக்கு வைத்து அனுப்புகிற நிலைமை எனக்கு ஏன் வந்தது என்று உனக்கே தெரியும், தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதே.

இதை வாட்ஸ்அப்பில் அடித்திருக்கலாமே என்று நீ நினைப்பாய். அதில் நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அடித்தாலும் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு டூட்டிக்குப் போய்விடுவாய். போனில் பேசலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து "விடு முத்துக்கனி, விடு" என்று ஆரம்பித்துவிடுவார், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். கடிதத்தை யாரும் இடையில் நிறுத்த முடியாது. எதிர்வீட்டுப் பிரீனாவின் கொழுந்தன் ஷிஜின் விடுமுறை முடிந்து புதன்கிழமை டப்ளினுக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன், கூடவே நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு கிலோவும் முந்திரிக்கொத்தும் இருக்கிறது. முந்திரிக்கொத்தை நிவிதா கடிப்பாளா என்று தெரியவில்லை, சின்னதாகத்தான் உருட்டியிருக்கிறேன். பிரீனாவின் பெயரைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும், அவள் கதைக்கும் வருகிறேன், பொறு.

ஊர் விசேஷம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐப்பசி மழை ஒரு வாரமாக விட்டு விட்டுப் பெய்கிறது, பின்பக்கத் தென்னையில் இருந்து ஒரு குலை விழுந்து குளிமுறிக் கூரை ஓடு நாலு உடைந்துபோனது, ஆள் கிடைக்காமல் அப்பாவே ஏணி வைக்கப் போனார், நான் ஏணியைப் பிடுங்கி வைத்துவிட்டேன். முட்டுவலி குறைந்திருக்கிறது என்கிறார், ஆனால் டீக்கடைக்குப் போய் ரசவடை தின்பதற்கு மட்டும் அந்த முட்டு எப்படி மடங்குகிறது என்பது எனக்குப் புரியவில்லை. உன் அண்ணன் சிவபிரசாத் மஸ்கட்டில் இருந்து வெள்ளிக்கிழமை தோறும் பேசுகிறான், அவனுக்கும் விஷயம் தெரியும், அவனும் உன் கட்சிதான், கேட்டால் "அம்மா, எனக்க தலைய இதுக்குள்ள இழுக்காதீங்க" என்று சிரிக்கிறான். சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது.

நான் பூனை வரைகிற கதை உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் நீ மறந்துபோனாய் போலிருக்கிறது, அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் கிராம சுகாதார செவிலியராக இந்தக் கடற்கரை முழுக்க ஐஸ் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள் நான். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குப் பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மீன் சந்தைக்குப் பின்னால் கிடக்கிற காதறுந்த செம்பட்டைப் பூனை ஒன்று அப்போதுதான் நம் அடுக்களை வாசலுக்கு வரத் தொடங்கியிருந்தது, அது உட்காருகிற கெத்தைப் பார்த்து ஒருநாள் ஒரு பழைய கல்யாணக் கார்டின் வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் கிறுக்கினேன், பிறகு நிவிதா விட்டுவிட்டுப் போன வாட்டர்கலர் பெட்டியை எடுத்தேன், அப்படித்தான் ஆரம்பம். சீட்டுக்கட்டுச் சீட்டு அளவுதான் படம், அதற்கு மேல் பெரிதாக வரைய எனக்கு ஆசையும் இல்லை. சைபர் நம்பர் பிரஷ், ஒரு கிண்ணத்தில் தண்ணீர், துடைக்கப் பழைய துணி, மதியம் இரண்டில் இருந்து மூன்று வரை, ஒரு பூனைக்கு ஆறு நாள் அல்லது ஏழு நாள். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எவ்வளவு பெரிது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். வேலையில் இருந்த காலத்தில் எத்தனை ஆயிரம் குழந்தைகளின் முகத்தை நான் கிட்டத்தில் பார்த்திருப்பேன், எல்லாமே அழுகிற முகம், என்னைக் கண்டால் வாய் கோணுகிற முகம். பூனை அப்படி இல்லை, அது என்னை நேராகப் பார்க்கும், நான் அதை நேராகப் பார்ப்பேன், எனக்கு அது போதும்.

இதுவரை நாற்பத்தொரு பூனை வரைந்திருக்கிறேன். அதில் செத்தது மூன்று. இந்த மூன்றைத்தான் ஊர் எண்ணி வைத்திருக்கிறது, மீதி முப்பத்தெட்டும் சந்தையிலும் கூரையிலும் மதிலிலும் குட்டி போட்டுக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் திரிகிறதே, அதை எண்ண ஒருத்திக்கும் வாய் வரவில்லை.

அந்த மூன்றும் எப்படி என்னிடம் வந்தது என்று கேள். நம் ஊரில் படம் என்று சட்டம் போட்டுச் சுவரில் ஏறுவது யார்? செத்துப்போனவர்கள்தானே. உயிரோடு இருக்கிற ஆளின் படத்தைப் பெரிதாக மாட்டினால் வீட்டுக்கு வருகிறவர்கள் முகம் கறுத்துப்போகும். உன் அப்பா மணல் ஆலையில் இருந்து ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாய் எடுத்த படத்தை நான் மாட்டப் போனபோது "நான் இன்னும் போகல்ல கேட்டியா" என்று வாங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார், இன்றைக்கும் அது என் பட்டுச் சேலைக்கு அடியில்தான் கிடக்கிறது. இந்தப் புத்தியோடு இருக்கிற ஊரில் நர்சம்மா பூனைக்குப் படம் வரைகிறாள் என்று தெரிந்ததும் என்ன நடக்கும்? கிழடும் நோயும் இழுத்துக்கொண்டு கிடப்பதுமாகப் பார்த்துப் பார்த்து என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திடமாக ஓடியாடுகிற பூனைக்கு எதற்குப் படம் என்றுதான் அவர்கள் எண்ணம். முதலில் வந்தது தெருக்கோடி நாராயணபெருமாள் சார், உனக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். அவருடைய சுந்தரிக்குப் பதினேழு வயது, கிட்னி இரண்டும் போய்விட்டது என்று மாட்டு டாக்டர் கையை விரித்தாகிவிட்டது. துண்டில் பொதிந்து கொண்டுவந்து "இவ போறதுக்குள்ள ஒண்ணு வரஞ்சு தாங்க நர்சம்மா, பெறவு நான் யாரைப் பாத்துட்டு இருப்பேன்" என்று கண் கலங்கினார். நான் சோற்றைக்கூட ஒதுக்கிவிட்டு நாலே நாளில் முடித்துக் கொடுத்தேன், அது ஒன்பதாம் நாள் போனது. இரண்டாவது குளச்சல் சுபைதா பேகத்தின் பூனை, அதற்கு வயிற்றில் தேங்காய் பருமனுக்குக் கட்டி, ஒரு மாதம் தாண்டாது என்று சொன்ன பிறகுதான் ஆட்டோ பிடித்து வந்தாள், ஒரு மாதம் தாண்டவில்லை. இதில் என் பிரஷ் என்ன செய்தது?

மூன்றாவதுதான் பிரீனாவின் டைகர். இரண்டு வயது, பளபளவென்று இருக்கும், ஒரு நோயும் இல்லை. பிரீனா ஒருத்திதான் அழகாக இருக்கிறது என்பதற்காகப் பூனையை வரையச் சொன்னவள், அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும். நானும் ரசித்து வரைந்தேன், அந்த நெற்றிக் கோடு ஐந்தும் முடி முடியாக வந்தது. அதை அவள் கொண்டுபோய் முக்கில் இருக்கிற எபிசனின் பிரேம் கடையில் கொடுத்திருக்கிறாள். எபிசன் பதினைந்து வருடமாகச் செத்தவர்கள் படத்துக்கே சட்டம் போட்டுக் கை பழகிப்போனவன். போனில் கூப்பிட்டுப் பூனையின் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன என்று கேட்டானாம், இவளும் ஏதோ ஆசைக்குக் கேட்கிறான் என்று சொல்லியிருக்கிறாள். படம் வந்தபோது கீழே பித்தளைத் தகட்டில் டைகர் என்று பொறித்து, அதன் கீழே ஒரு பக்கம் தோற்றம் என்று போட்டுத் தேதி, மறுபக்கம் மறைவு என்று போட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான். என்ன எபிசா இது என்று கேட்டதற்கு "பெறவு தேதி மட்டும் அடிச்சா மதி, அது போதும் அக்கா, தகடு மாத்தண்டாம்லா" என்று நல்லது செய்தவன் மாதிரி சொல்லியிருக்கிறான். அவள் சிரித்துக்கொண்டே வாங்கி ஹாலில் மாட்டிவிட்டாள். பதினெட்டாம் நாள் காலையில் மீன் வண்டி பின்னால் எடுக்கும்போது டைகர் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன் பிந்து, என் கண்ணால் பார்க்க முடியவில்லை, பிரீனாவோடு சேர்ந்து நானும்தான் அழுதேன். அந்த வண்டிக்காரனை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தகட்டில் இடம் விட்டு வைத்த எபிசனையும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு, நர்சம்மா வரைந்தால் பூச்சை நிற்காது, அந்தப் பூனை உயிரோடு தங்காது என்று.

அதற்குப் பிறகு நான் தெருவில் நடந்தால் பார்க்க வேண்டும் நீ. மதில் மேல் உட்கார்ந்திருக்கிற பூனையை என்னைக் கண்டதும் தூக்கி உள்ளே போடுகிறார்கள். ஒருத்தி, நான் பிரசவம் பார்த்த பிள்ளை, அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் ஊசி போட்டவள் நான், அவள் மடியில் கிடந்த குட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு "கோவிக்காதீங்க நர்சம்மா, எனக்க பூச்சைய நீங்க பாக்கப்பிடாது" என்கிறாள். பார்க்கவே கூடாதாம், வரைவது இருக்கட்டும். எபிசன் கடைக்குப் போய் நான் சண்டை போட்டதும் உனக்கு அத்தை மூலம் வந்திருக்கும், போட்டேன், இல்லை என்று சொல்லவில்லை, தொண்டை கட்டுகிற அளவுக்குப் போட்டேன், அவன் தலையைச் சொறிந்துகொண்டு "நான் எல்லாருக்கும் அப்பிடித்தானே அடிக்கேன்" என்கிறான். இதை எல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன், ஆனால் மேலத்தெருவில் இருந்து ஒருத்தி, பெயர் எழுதினால் வம்பு, புறவாசல் வழியாக வந்து போனை நீட்டி அடுத்த வீட்டு ஆண் பூனையின் போட்டோவைக் காட்டினாள். "தெனமும் இந்தக் கண்டன் பூச்சை மீனத் தூக்கிட்டுப் போவுது நர்சம்மா, வெசம் வைக்க மனசு வரல்ல, நீங்க ஒண்ணு வரஞ்சு தந்தா மதி" என்று இரகசியமாகக் கேட்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த அகப்பையோடு வாசல் வரை விரட்டினேன். இவளுக்கு வரைந்து கொடுத்திருந்தால் நாளைக்கு மாமியார் போட்டோவைக் கொண்டுவந்திருப்பாள்.

அய்யா வழியில் வந்த குடும்பம் நாம், பில்லியும் இல்லை சூனியமும் இல்லை என்று சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் நான் தட்டம்மை ஊசியோடு போனபோது, ஊசி போட்ட பிள்ளைக்கு மறுநாள் காய்ச்சல் வந்ததென்று துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதர்களை எல்லாம் முற்றத்தில் நின்று சமாளித்தவள் நான். ஊசி போடாத பிள்ளைக்கும் காய்ச்சல் வந்திருக்கிறதே, அதை எண்ணினீர்களா என்று கேட்டு, பேர் பேராக எண்ணிக் காட்டி, அதே வீட்டில் சாயங்காலம் ஊசி போட்டுவிட்டுத்தான் திரும்புவேன். அப்போதெல்லாம் நீ என் கூட வந்திருக்கிறாய், ஐஸ் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அந்தப் பிள்ளைதான் நர்சுக்குப் படித்தது, அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு வெளிநாட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறது. ஊரைப் பற்றி எனக்கு இவ்வளவு கோபம் இல்லை பிந்து, ஊர் நாலு நாள் பேசும், ஐந்தாம் நாள் வேறு பேச்சு கிடைத்தால் போய்விடும். என் கோபம் உன் மேல்.

ஆகஸ்டில் நிவிதா வீடியோவில் வந்து "ஆச்சி, என்னோட பிஸ்கட்டை எனக்கு பர்த்டேக்கு வரைஞ்சு தா" என்று கேட்டாள். நீயே போட்டோ அனுப்பினாய், அந்தப் பிள்ளை பிஸ்கட் பூனையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு சோபாவில் இருக்கிற போட்டோ, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி உருண்டை முகம். நான் பார்த்து முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்ப எடுத்தால், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று நிற்கிறது. தவறிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி அனுப்பச் சொன்னேன், நெட் சரியில்லை என்றாய். மறுவாரம் கேட்டேன், போன் மாற்றினேன் என்றாய். அதற்கு அடுத்த வாரம் உன் அப்பா திடீரென்று என் கண்ணைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினார். நாற்பது வருடத்தில் என் கண் என்ன நிறம் என்று பார்க்காத மனிதர், "கண்ண ரெம்ப வருத்தாத, பெயிண்ட் மணமும் நெஞ்சுக்கு ஆகாது, கொஞ்ச நாள் நிறுத்தி வையி" என்கிறார். வாட்டர்கலருக்கு ஏது மணம். நானும் உண்மையிலேயே ஏதோ இருக்கிறது என்று பயந்து, நாகர்கோவிலுக்குப் போய், சொட்டு மருந்து விட்டு இரண்டு மணி நேரம் கண் தெரியாமல் உட்கார்ந்தேன், கடைசியில் டாக்டர் "ஒங்களுக்கு நாப்பது வயசுக்காரி கண்ணும்மா" என்றார். திரும்பி வரும்போது வடசேரி பஸ் ஸ்டாண்டில் வைத்து உன் அப்பாவைப் பிடித்து உலுக்கினேன். அந்த மனிதருக்குப் பொய் சொல்லவும் தெரியாது, மறைக்கவும் தெரியாது. தக்கலை அத்தை உனக்குப் போன் போட்டு மூன்று பூனையின் கதையையும் சொன்னதும், நீ ராத்திரியே அப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளையும் சேர்ந்து இருக்கிற படம் அப்பா, அம்மா வரைய வேண்டாம், ஆனால் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள், கண்ணுக்கு ஓய்வு என்று சொல்லி நிறுத்துங்கள் என்று அழுததும் எல்லாம் அந்த பஸ் ஸ்டாண்டில் வைத்து வெளியே வந்தது. என்னைச் சுற்றி அத்தனை பேர் நிற்கிறார்கள், நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறேன், டாக்டர் விட்ட மருந்து என்று நினைத்திருப்பார்கள்.

உனக்கு முதல் ஊசி போட்டது இந்தக் கை. நீ பிறந்த அன்று தொப்புளில் மருந்து வைத்தது இந்தக் கை. நிவிதா இங்கே வந்திருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று ஏறிய நாள், விடிய விடிய நெற்றியில் துணி நனைத்துப் போட்டதும் இந்தக் கைதான், அப்போது இதை நீ ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு இந்தக் கை உன் பிள்ளையின் முகத்தை வரைந்தால் ஆகாது என்றால், அதை என் முகத்துக்கு நேரே சொல்ல உனக்கு வாய் இல்லையா? பயமாக இருக்கிறது அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் சமாதானம் ஆகியிருப்பேன். அதை விட்டுவிட்டு எனக்கு இல்லாத வியாதியை உண்டாக்கி, அந்த மனிதரைப் பொய் சொல்ல வைத்து, என்னைக் கிழவியாக்கி மூலையில் உட்கார வைக்கப் பார்த்தாயே. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். அந்த முடிவைத்தான் சிப்ஸ் டப்பாவுக்கு அடியில் அட்டை வைத்துப் பொதிந்து அனுப்பியிருக்கிறேன், மடக்காமல் எடு. அது என் படம். நானே என்னை வரைந்தேன். பீரோக் கண்ணாடியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் அரிசி டின் மேல் சாய்த்து வைத்து, எட்டு நாள், மதியம் இரண்டில் இருந்து மூன்று வரை. மடியில் அந்தக் காதறுந்த செம்பட்டையன், அவன் நாலு நாள்தான் ஒழுங்காக உட்கார்ந்தான், மீதி ஞாபகத்தில் வரைந்தது, அதனால் வால் கொஞ்சம் கோணல். கழுத்துச் சுருக்கத்தையும் கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பையும் நான் குறைக்கவில்லை, உள்ளபடி போட்டிருக்கிறேன். நான் வரைந்தால் ஆள் நிற்காது என்றால் முதலில் நானே போகிறேன், ஊரும் பார்க்கட்டும், நீயும் பார், என்ற வீம்பில்தான் தொடங்கினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் நானும் உன்னைப் போல மறைத்தவள் ஆவேன். எட்டாம் நாள் எல்லாம் முடிந்து கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் பாக்கி, அதை வைத்தால்தான் முகத்துக்கு உயிர் வரும். பிரஷை எடுத்தேன், வைக்க முடியவில்லை. கை அந்தரத்தில் நிற்கிறது. சுந்தரி, சுபைதாவின் பூனை, டைகர் என்று வரிசையாக மனசில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அய்யாவைக் கும்பிடப் போகிற தாங்கலில், சிலைக்குப் பதிலாக வைத்திருக்கும் பள்ளியறைக் கண்ணாடி முன்னால் நாமம் தரித்து நின்று என் முகத்தை எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் பயம் வந்ததில்லை, பீரோக் கண்ணாடி முன்னால் அன்றைக்கு வந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், தொண்ணூற்றாறு. முப்பத்திரண்டு வருடம் ஊருக்கு அறிவு சொன்ன நர்சம்மாவுக்குத் தொண்ணூற்றாறு. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பயத்தோடுதான் வைத்தேன், புள்ளி ஒரு நூல் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது, உற்றுப் பார்த்தால் தெரியும். அது அக்டோபர் பதினாலாம் தேதி. இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது, இன்றைக்குக் காலையில்கூட நெத்திலி கறி வைத்தேன்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதுதான் உன்னை நினைத்தேன். எனக்கு வந்தது என் உயிருக்கான பயம், அதற்கே பிரஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன், உனக்கு வந்தது பிள்ளைக்கான பயம், அது இதைவிடப் பெரிது என்று எனக்குத் தெரியாதா, நானும் இரண்டு பெற்றவள்தானே. அதனால் நீ பயந்ததற்கு உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது போய்விட்டது. பொய் சொன்னதற்கு இருக்கிறது, அது இப்போதைக்குப் போகாது, நீ ஊருக்கு வந்து என் முன்னால் நின்று வாங்கிக்கட்டிக்கொள்ளும் வரை இருக்கும்.

டிசம்பர் இருபதுக்கு நிவிதாவின் பிறந்தநாள். எனக்கு வரைய ஏழு நாள் வேண்டும், கூரியரில் அனுப்பப் பத்து நாள் வேண்டும், கணக்குப் போட்டுக்கொள். அந்தப் போட்டோவை எனக்குத் திரும்ப அனுப்பு, பூனை மட்டும் உள்ளதை அல்ல, பிள்ளை கட்டிக்கொண்டிருக்கிறதே, அதை. உன் பயம் தீர்ந்த பிறகு அனுப்பலாம் என்று இருக்காதே, அது தீராது, எனக்கும் தீரவில்லை. பயந்துகொண்டே அனுப்பு மக்கா, நானும் பயந்துகொண்டேதான் வரைவேன்.

நிவிதாவுக்குக் குளிர்காலத்து ஊசி போட்டாயா என்று எழுது, நீ நர்ஸ் என்பதால் தானாக நடந்துவிடும் என்று நான் நம்பவில்லை. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி. சிப்ஸ் போட்டு அனுப்பிய ஸ்டீல் டப்பாவை அடுத்து யாராவது வரும்போது கொடுத்துவிடு, அது ஜோடி டப்பா. நீங்கள் மூன்று பேரும், அந்த பிஸ்கட்டும், அய்யா அருளால் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும்.

இருபத்தாறு நாளாகத் தன் படத்தோடு ஒரே வீட்டில் உயிரோடு இருக்கும்,
உன் அம்மா
முத்துக்கனி